எவ்வளவு தப்பு என்று முதலில் பாருங்கள்: பழைய கணினியின் தேதியும் கடிகாரமும்

ஹைதராபாத்தின் பேகம்பேட்டில் பொருளாதார, சமூக ஆய்வு மையம் இருக்கும் வளாகத்துக்கு இன்றும் நிஜாமியா வானாய்வக வளாகம் என்றுதான் முகவரி. நவாப் ஜாபர் ஜங் 1901இல் தொடங்கிய வானாய்வகம் அது. 1908இல் பேகம்பேட்டுக்கு இடம் மாறியது. உலகின் பல வானாய்வகங்கள் வானத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு படமெடுத்த பெருந்திட்டத்தில், தன் பங்காக ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அது அளந்து பதிவு செய்தது. கடிகாரத்தை நம்பியே நடந்த வேலை. ஆனால் அந்தக் கால வானாய்வாளர்கள், கடிகாரம் பிந்துகிறது என்று தெரிந்தவுடன் முள்ளைத் திருப்பிவிட மாட்டார்கள். இன்று எவ்வளவு பிந்தியிருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு பிந்துகிறது என்று பதிவேட்டில் குறிப்பார்கள். பிழையின் அளவு தெரிந்துவிட்டால் கடிகாரத்தைத் தொடாமலே சரியான நேரம் கையில் கிடைத்துவிடும்.

பழைய கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்யப் போகிறவரும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நேரம் தப்பாக இருக்கிறது என்று பார்த்தவுடன் மாற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மாற்றியபின், என்ன தப்பு இருந்தது என்ற தடயம் போய்விடுகிறது. இரண்டு நாளில் அதே தப்பு திரும்பி வருகிறது. அதனால் முதலில் ஒரு தாள் எடுத்து, கணினி காட்டும் தேதியையும் நேரத்தையும், கைபேசி காட்டுவதையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். கணினியை அணைத்து, சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மறுநாள் காலை இணையத்தில் இணைக்காமல் திறந்து இன்னொரு முறை எழுதுங்கள். பெரும்பாலான கணினிகளுக்கு இந்த இரண்டு வரிக் கணக்கே போதும்.

வித்தியாசம் என்ன சொல்கிறது?

சரியாக அரை மணி வித்தியாசம் என்றால் கடிகாரத்தில் கோளாறு இல்லை. நேர மண்டலத்தைத் தப்பாகத் தேர்ந்திருக்கிறீர்கள். விண்டோஸின் மண்டலப் பட்டியலில் ஹைதராபாத் கிடையாது. சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று நான்கு ஊர்களைச் சேர்த்து ஒரே வரியாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் சத்யா நாதெல்லா படித்தது பேகம்பேட்டில் உள்ள ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில். அந்த நிறுவனத்தின் இந்திய மேம்பாட்டு மையம் 1998இலேயே ஹைதராபாத்துக்கு வந்துவிட்டது. இருந்தும் பட்டியலில் ஊர் பெயர் ஏறவில்லை! தேடிப் பார்த்து இல்லை என்றதும், அருகில் கண்ணில் படும் இஸ்லாமாபாத், கராச்சி வரியைச் சிலர் தட்டிவிடுகிறார்கள். அது நமக்கு அரை மணி பின்னால் இருக்கும் மண்டலம்.

அரை மணி முன்னால் ஓடினால் விஷயம் இன்னும் சுவையானது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்த 2001இல் இலங்கையின் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னே இருந்தது. 1996இல் மின்வெட்டுக் காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தவர்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரை மணிக்குத் திரும்பினார்கள். புதுப்பிக்கப்படாத எக்ஸ்பி கணினிக்கு இது தெரியாது. அதில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்ற வரியைத் தேர்ந்தால் அரை மணி கூடுதலாகவே காட்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இன்னும் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் சென்னை வரியைத் தேர்ந்துகொள்ளலாம். இப்போது இரண்டும் ஒரே நேரம்தான். கால் மணி முன்னே ஓடினால் காட்மாண்டு வரி தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி பின்னால் இருக்கிறதா? விண்டோஸை யாரோ புதிதாகப் போட்டுக் கொடுத்து, மண்டலத்தை அமெரிக்க மேற்குக் கரையிலேயே விட்டுவிட்டார்கள் என்று பொருள். கோடையில் அங்கே ஒரு மணி நேரத்தை முன்னே தள்ளுவதால் வித்தியாசம் பன்னிரண்டரையாகும், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. சரியாகப் பன்னிரண்டு மணி என்றால் காலை, மாலைக் குழப்பம் மட்டுமே.

சரியாக ஐந்தரை மணி என்றால், அந்தக் கணினியில் பெரும்பாலும் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து இருக்கும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் கிரீன்விச் நேரம் இருக்கிறது என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும், உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். ஒன்று எழுதி வைத்ததை மற்றது தப்பாகப் படிக்கும். லினக்ஸை விட்டுக்கொடுக்கச் சொல்வதே எளிது. டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தெரிவைச் சேர்த்து 1 என்று கொடுத்தால் சண்டை தீரும். லினக்ஸ் இதை விரும்பாமல் ஓர் எச்சரிக்கை காட்டும். கோடை நேர மாற்றம் இல்லாத நம் நாட்டில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. லினக்ஸ் மட்டுமே உள்ள கணினி என்றால் இதைச் செய்யாதீர்கள், மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று வைத்தால் போதும்.

மண்டலத் தப்பில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மண்டலம் கராச்சியில் இருக்க, நேரத்தை மட்டும் அரை மணி தள்ளிச் சரிசெய்துவிட்டால் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். கணினி உள்ளுக்குள் வைத்திருக்கும் உலகப் பொதுநேரம் இப்போது அரை மணி தப்பு. அடுத்த முறை இணையத்தோடு நேரத்தை ஒத்துப் பார்த்தவுடன் திரையில் மறுபடியும் அரை மணி குறையும். “நான் சரிசெய்துவிட்டேன், அதுவாகவே மாறிவிடுகிறது” என்று சொல்பவர்களின் கணினியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. எப்போதும் மண்டலம் முதலில், தேதி அடுத்து, நேரம் கடைசியில்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே போவதற்கு யாரும் பயப்பட வேண்டாம். மதர்போர்டின் கடிகாரச் சில்லு ஒரு குவார்ட்ஸ் படிகத்தை நம்பி ஓடுகிறது. அது நொடிக்கு 32,768 முறை அதிரும்; அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று வரும், அதுதான் ஒரு நொடி. கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் அதே வகைப் படிகம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே மாதத்துக்கு ஐம்பது நொடி விலகும். இந்தப் படிகங்கள் சுமார் 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்படுபவை. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். ஹைதராபாத்தின் மே மாதத்தில், தூசி அடைத்த பெட்டிக்குள் 45 டிகிரியில் இருக்கும் படிகம் நாளுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பிந்தும். கைக்கடிகாரத்தை நம் உடம்புச் சூடு ஒரே நிலையில் வைத்திருக்கிறது. கணினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எஞ்சியவைதான் உண்மையான கோளாறுகள். தேதி பல ஆண்டுகள் பின்னால், ஒரு ஜனவரி 1ஆம் தேதிக்குப் போய் நிற்கிறது. அல்லது, நேற்று இரவு அணைத்த நேரத்திலிருந்தே இன்று காலை கடிகாரம் தொடர்கிறது. இரண்டும் ஒரே நோயின் இரு கட்டங்கள்: மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது தீர்ந்துகொண்டிருக்கிறது.

நாணயம் அளவு பேட்டரி

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசிக்கு அணைத்தபின்னும் ஓடும் கடிகாரமே கிடையாது. திறக்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் கேட்கும், நாம்தான் தட்ட வேண்டும். 1984இல் வந்த பிசி ஏடியில் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்றும் அதற்கொரு பேட்டரியும் சேர்ந்தன. அந்தச் சில்லு ஆண்டை இரண்டு இலக்கமாகத்தான் வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டுப் பதற்றத்தின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. இன்று நம் வீட்டுக் கணினியில் இருப்பதும் அதன் வம்சம்தான்.

இப்போது பரவலாக உள்ள பேட்டரி சிஆர் 2032. 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். எண்ணிலேயே அளவு இருக்கிறது. மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது மதர்போர்டு இந்தப் பேட்டரியைத் தொடுவதில்லை, கணினி அணைந்திருந்தாலும் சுவர் ஸ்விட்ச் போட்டிருந்தால் காத்திருப்பு மின்சாரத்தில் கடிகாரம் ஓடும். வேலை முடிந்ததும் ஸ்பைக் பஸ்டரையே அணைத்துவிடும் சிக்கனமான வீடுகளில்தான் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது. அதற்காக ஸ்விட்சைப் போட்டே வைக்கச் சொல்லமாட்டேன். பேட்டரி மாற்றுவது அதைவிட மலிவு.

பேட்டரி தீர்ந்த கணினி திறக்கும்போதே முறையிடும். கருப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர் என்றோ, சிமாஸ் பேட்டரி லோ என்றோ, டேட்/டைம் நாட் செட் என்றோ ஒரு வரி வரும். தொடர எஃப்1 அழுத்து என்று கேட்கும். பழைய டெல் கணினிகள் டைம் ஆஃப் டே நாட் செட் என்று சொல்லும். எச்பி கணினிகள் 163 என்ற எண்ணைக் காட்டும். பலர் ஆண்டுக்கணக்கில் எஃப்1 அழுத்தியே காலம் தள்ளுகிறார்கள்.

செல் வாங்க பேகம்பேட்டிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். கணினிப் பொருள்களுக்குப் பெயர்போன செனாய் டிரேட் சென்டர் பக்கத்திலேயே, செகந்திராபாத் பார்க் லேனில் இருக்கிறது. “அன்னா, சிமாஸ் பேட்டரி உந்தா?” என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். அவ்வளவு தூரமும் வேண்டாம் என்றால் தெருமுனைக் கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கார் சாவி ரிமோட்டிலும் எடைபார்க்கும் கருவியிலும் போடுவது இதே செல்தான். தெரிந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த, உறை கிழியாத செல்லாக வாங்குங்கள். நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை இது. அட்டையில் ஐந்தாறு செல்களைக் கோத்து மலிவாக விற்பவை சில மாதத்தில் படுத்துவிடும். சிஆர் 2025 என்ற செல்லும் விட்டத்தில் ஒன்றே, தடிமன்தான் குறைவு. தவறி வாங்கினால் பொருத்தியில் சரியாகப் பிடிக்காது.

செல்லைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை ஏறக்குறைய எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். பேட்டரி காப்பாற்றி வைத்திருப்பது நேரத்தை மட்டுமில்லை. பழைய கணினிகளில், திறந்தவுடன் முதலில் ஓடும் நிரலான பயாஸின் அமைப்புகளும் அதன் தயவில்தான் இருக்கின்றன. குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை: சாட்டா மோடு என்ற வரியில் ஐடிஇ, ஏஹெச்சிஐ, ரெய்டு என்று ஏதாவது ஒன்று இருக்கும். செல்லைக் கழற்றியதும் அது தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினால், விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். செல் மாற்றியதால் கணினியே போய்விட்டது என்று பதறிக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. ஒரே ஒரு வரியை மாற்றினால் தீரும் பிரச்சினை. ஆகவே, கணினியைத் திறந்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டித் தட்டி பயாஸுக்குள் போங்கள். எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1. ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கை பிட்லாக்கர் கொண்டு பூட்டியிருந்தால் மீட்புச் சாவி எண்ணையும் தனியே எழுதி வைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டில் நாணயம் போல் பளபளப்பது ஒன்றே ஒன்றுதான். சில போர்டுகளில் கிராஃபிக்ஸ் அட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அட்டையைக் கழற்ற வேண்டிவரலாம். எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் கூட்டல் குறியும் எழுத்தும் உள்ள பக்கம். ஓரத்திலுள்ள சிறு உலோகக் கொக்கியை விரல் நகத்தாலோ மரக்குச்சியாலோ வெளிப்பக்கம் தள்ளினால் செல் எம்பி வரும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், வழுக்கினால் போர்டின் செப்புக் கோடு அறுந்துவிடும். புதுச் செல்லை ஓரமாகப் பிடித்து வையுங்கள்.

மல்ட்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் பழைய செல்லை அளந்து பார்க்கலாம். 3 வோல்ட்டுக்கு மேல் என்றால் செல் மீது பழி போட முடியாது. 2.7க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை.

மடிக்கணினியில் இதே செல் கருப்பு உறைக்குள் இரண்டு கம்பிகளோடு சிறு செருகியில் முடியும். அதற்கென்றே விற்கும் செல்லைத்தான் வாங்க வேண்டும். வெறும் செல்லில் கம்பியைப் பற்றவைக்கப் பார்ப்பது ஆபத்து, லித்தியம் செல் சூடானால் வெடிக்கலாம். மெல்லிய புதுவகை மடிக்கணினிகள் சிலவற்றில் தனிச் செல்லே இல்லை. முதன்மை பேட்டரியிலிருந்து கடிகாரம் ஓடும். இன்னொரு முனையில், 1990களின் முற்பகுதிக் கணினியை யாராவது பரணில் வைத்திருந்தால், அதில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி போர்டோடு பற்றவைத்து இருக்கும். அது கசிந்து போர்டையே அரித்துவிடும். கடிகாரம் வேண்டுமோ இல்லையோ, அதை வெட்டி எடுத்துவிடுவது போர்டுக்கு நல்லது.

தேதியை எங்கே வைப்பது?

செல் மாற்றிய உடனே விண்டோஸுக்குப் போகாதீர்கள். பயாஸுக்குள் நுழைந்து அங்கேயே தேதியையும் நேரத்தையும் வையுங்கள். பழைய பயாஸில் ஸ்டாண்டர்ட் சிமாஸ் என்று தொடங்கும் பக்கத்தில் முதலிரண்டு வரிகளாக இருக்கும். அங்கே பெரும்பாலும் மாதம்தான் முதலில், நாள் அடுத்து. நம் வழக்கப்படி நாளை முதலில் தட்டினால் ஆகஸ்ட் 5 என்பது மே 8 ஆகிவிடும். பக்கத்தில் கிழமை காட்டும் பயாஸாக இருந்தால் நாள்காட்டியோடு ஒத்துப் பாருங்கள், தப்பு உடனே தெரிந்துவிடும். நேரம் 24 மணிக் கணக்கில். எடுத்து வைத்த படங்களைப் பார்த்து சாட்டா மோடு, துவக்க வரிசை ஆகியவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டு, எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள்.

விண்டோஸ் 7இல் வலது கீழ் மூலைக் கடிகாரத்தைத் தட்டி, சேஞ்ச் டேட் அண்ட் டைம் செட்டிங்ஸ் என்பதைத் திறந்தால் மூன்று பக்கங்கள் இருக்கும். முதலில் மண்டலம். பிறகு இன்டர்நெட் டைம் பக்கத்தில் சேஞ்ச் செட்டிங்ஸ், அப்டேட் நவ். எக்ஸ்பியில் கடிகாரத்தை இருமுறை தட்டினால் இதே போன்ற பக்கங்கள் வரும். விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ் உள்ளே டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் சிங்க் நவ்.

சேவையகத்தின் பெயர் டைம்.விண்டோஸ்.காம் என்று இருக்கும். அது பதில் சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் டைம்.என்பிஎல்இந்தியா.ஆர்க் என்று மாற்றித் தட்டிப் பாருங்கள். இந்தியத் திட்ட நேரத்தைப் பராமரிக்கும் பொறுப்பு புது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு உரியது. இது அவர்கள் தரும் நேரம். அலுவலக இணைப்பிலோ விடுதி வைஃபையிலோ நேரம் வரவில்லை என்றால், அந்த வலைப்பின்னல் யூடிபி 123 என்ற வாயிலை அடைத்திருக்கக்கூடும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒருமுறை முயலுங்கள்.

ஆண்டுக்கணக்கில் தப்பியிருக்கும் கடிகாரத்தை இணையம் திருத்திவிடும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கணினியில் வித்தியாசம் 15 மணிக்கு மேல் போனால், பாதுகாப்புக் காரணத்தால் ஒத்துப்பார்க்க முடியாது என்று விண்டோஸ் மறுத்துவிடும். தேதியைக் கையால் இன்றைக்குக் கொண்டுவந்தபின்தான் அப்டேட் நவ் வேலை செய்யும். இயல்பாக விடப்பட்ட பழைய விண்டோஸ் வாரம் ஒருமுறைதான் நேரம் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். எதுவுமே நடக்கவில்லை என்றால், சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் டைம் என்ற சேவை நின்றுபோயிருக்கிறதா என்று பார்த்து, அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள்.

அலுவலகக் கணினி என்றால் இவை எதையும் தொடாதீர்கள். அது நேரத்தை நிறுவனச் சேவையகத்திடமிருந்து வாங்குகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் உள்நுழைவே மறுக்கப்படலாம். கணினிப் பிரிவைக் கூப்பிடுவதே வழி.

இன்னொன்று: கடிகாரம் சரி, எழுத்துமுறை தப்பு. விண்டோஸை அமெரிக்க ஆங்கிலத்தில் நிறுவினால் தேதி மாதத்தில் தொடங்கும். திரையில் 05/08 என்று பார்த்துவிட்டு மே மாதத்தில் நிற்கிறது என்று தேதியை மாற்றப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய் இங்கிலீஷ் (இந்தியா) அல்லது தமிழ் (இந்தியா) என்று வைத்தால் தீர்ந்தது. வங்கிக் கணக்குப் பட்டியலை எக்செல்லில் திறப்பவர்களுக்கு இது மிக முக்கியம். 12ஆம் தேதி வரை உள்ள வரிகளில் நாளும் மாதமும் இடம் மாறிவிடும். 13ஆம் தேதி முதல் உள்ளவை தேதியாகவே ஏறாமல் இடது ஓரத்தில் எழுத்தாக ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதித் தேதிகள் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் தெரிந்தால் கணக்கை அங்கேயே நிறுத்துங்கள்.

தப்பிய தேதி என்ன கெடுத்தது?

கடிகாரம் தப்பினால் முதலில் நிற்பது இணையம். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்துக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று ஒரு சான்றிதழ் உண்டு. கணினி 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாச் சான்றிதழும் இன்னும் பிறக்காதவை. வங்கி, ரயில் முன்பதிவு, ஜிஎஸ்டி எதுவும் திறக்காது. உலாவியைக் குறை சொல்லி அதை நீக்கி மறுபடி நிறுவுவதற்கு முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருக்கும் கணக்காளர்களுக்கும் இதே சிக்கல்தான், கையெழுத்தில் ஏறுவது கணினியின் தேதி. கணினியில் இயங்கும் ஓடிபி செயலி அரை நிமிடத்துக்கு ஓர் எண் தருவது; கடிகாரம் இரண்டு நிமிடம் பிசகினாலே அந்த எண் செல்லாது.

தேதியைச் சரிசெய்தும் சான்றிதழ்ப் பிழை போகவில்லையா? அப்படியானால் குற்றவாளி கடிகாரமில்லை. பல லட்சம் தளங்களின் சான்றிதழ்களுக்கு அடிப்படையாக இருந்த ஒரு வேர்ச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளும் கைபேசிகளும் அன்றிலிருந்து அந்தத் தளங்களைத் திறக்கத் திணறுகின்றன. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 7 என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115 போட்டுப் பாருங்கள். அது விண்டோஸை நம்பாமல் தன் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருக்கிறது. எக்ஸ்பி கணினியில் வங்கி வேலை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடிகாரம் எவ்வளவு சரியாக ஓடினாலும் சரி.

கடிகாரத்தைத் திருத்தினால், தப்பாக இருந்த நாள்களில் உருவான கோப்புகளின் தேதி தானாகத் திருந்தாது. கணினித் தேதியை எடுத்துக்கொள்ளும் பில் மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரர்கள், கடைசிச் சில நாள் பில்களைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த பில்லைப் போடுங்கள். மின்னஞ்சல் செயலியில் அனுப்பிய கடிதங்கள் பழைய ஆண்டுக்குப் போய் அடியில் கிடக்கும், தொலைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சரியாகிவிட்டதா என்று சோதிக்கத் தேதியை எதிர்காலத்துக்குத் தள்ளிப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். மென்பொருள் உரிமங்கள் காலாவதியாகும்; பழையதைத் தானாக அழிக்கும் செயலிகள் நிஜமாகவே அழித்துவிடும்.

எதிர்காலம் என்றதும் ஒன்று. 32 பிட் எண்ணில் நொடிகளை எண்ணும் பழைய லினக்ஸ் அமைப்புகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நம் நேரப்படி எண்ணிக்கை தீர்கிறது. அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். வீட்டுக் கணினி அதுவரை உழைக்குமா என்பது வேறு விஷயம். பழைய கணினியைச் சிசிடிவிக்கோ கதவுப் பூட்டுக்கோ ஒதுக்கி வைத்து மறந்துவிடுகிறவர்கள்தான் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புதுச் செல் போட்டும் ஒரு வாரத்தில் நேரம் மறுபடி தப்பினால், செல் பொருத்தியின் கொக்கி தளர்ந்திருக்கிறதா, செல்லுக்கு அருகே உள்ள சிமாஸ் ஜம்பர் அழிக்கும் நிலையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் கோளாறு மதர்போர்டில். பத்து வருடப் போர்டுக்கு அதற்காகச் செலவு செய்வது வீண். கணினி திறக்கும்போதெல்லாம் இணையத்திலிருந்து நேரம் வாங்கும்படி டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை ஏற்றி, வித்தியாசம் 15 மணியைத் தாண்டாதவரை அப்படியே ஓட்டலாம்.

கழற்றிய பழைய செல்லைக் குப்பையில் போடாமல், இரு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அதுவரை குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தீர்ந்துபோன செல்லிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது குழாயைப் புண்ணாக்கத் தொடங்கிவிடும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேரத்தை வீணாக்காமல், நேராக எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.